தொழிற்சாலை மெஷினில் தோல் தைக்க நூலும் ஊசியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துணி மெஷினிலிருந்து தோலுக்கு மாறியவர்களும், பாதமும் தோலோடு சேர்ந்து நடந்து அதை நகர்த்தும் வாக்கிங் ஃபுட் மெஷினை முதன்முதலாக வாங்கியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றை ஒட்டியே போவதால், முதல் தடவை வரிசையாகப் படிப்பது நல்லது.

1. முதல்ல நூலைத் தேர்ந்தெடுக்கணுமா, ஊசியையா?

நூலைத்தான். தைக்கப்போகும் பொருள் எவ்வளவு பாரம் தாங்க வேண்டும், தோல் எத்தனை மில்லிமீட்டர், தையல் கண்ணுக்கு எடுப்பாகத் தெரிய வேண்டுமா, அடங்கி இருக்க வேண்டுமா என்று பார்த்து நூலின் அளவை முடிவு செய்யுங்கள். அந்த நூலுக்கு ஏற்ற ஊசி எது, அந்த ஊசியை உங்கள் மெஷின் ஏற்குமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடலாம். துணியில் ஊசி நுழைந்தால் இழைகள் விலகி வழிவிடும், ஊசி வெளியே வந்ததும் ஓரளவு சேர்ந்துகொள்ளும். தோலில் போட்ட துளை போட்டதுதான். மேல் நூலும் அடி நூலும் கோத்துக்கொள்ளும் முடிச்சு அந்தத் துளைக்குள்தான் மறைய வேண்டும். துளை சிறியதானால் முடிச்சு வெளியே துருத்தும். பெரியதானால் தையல் தளர்ந்து, தோலும் அந்தக் கோட்டில் பலவீனமாகும். கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்தத் துளைக் கணக்கு தப்பியதால் வருபவை.

2. கோன்ல டெக்ஸ் 70, வி-69, டிக்கெட் 40னு விதவிதமா போட்டிருக்காங்க. எல்லாம் ஒண்ணுதானா?

நீங்கள் சொன்ன மூன்றும் ஏறக்குறைய ஒரே நூல். அளக்கும் முறைதான் வேறு. டெக்ஸ் என்பது 1000 மீட்டர் நூலின் எடை, கிராமில். எண் கூடினால் நூல் தடிமன் கூடும். டெனியர் என்பது 9000 மீட்டரின் எடை. அதை 9-ஆல் வகுத்தால் டெக்ஸ் வரும். தோல், சோபா வேலைக்கான நூலில் புழங்கும் வி எண்ணை டெக்ஸுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்: வி-69 என்றால் டெக்ஸ் 70, வி-138 என்றால் டெக்ஸ் 135, வி-277 என்றால் டெக்ஸ் 270.

டிக்கெட் எண்தான் ஆளைக் குழப்பும், ஏனென்றால் அது தலைகீழ். எண் கூடக்கூட நூல் மெலியும். செயற்கை நூலுக்கு 3000-ஐ டெக்ஸால் வகுத்தால் டிக்கெட் எண் வரும். டெக்ஸ் 70-க்கு 43 வருகிறது, அதை 40 என்று விற்கிறார்கள். டெக்ஸ் 135-க்கு 22, அது 20 ஆகிறது. போனில் ஆர்டர் கொடுக்கும்போது “இருபதாம் நம்பர்” என்று மட்டும் சொல்லாதீர்கள். டெக்ஸ் என்ன என்று கேட்டு வாங்குங்கள்.

3. நைலான் நல்லதா, பாலியஸ்டர் நல்லதா?

வெயில் படுமா என்பதுதான் முதல் கேள்வி. வெயிலில் கிடக்கும் பொருளுக்குப் பாலியஸ்டர்: வண்டி சீட், வெளியில் போடும் இருக்கை, குதிரைச் சாமான். சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் நைலானைச் சீக்கிரம் சிதைத்துவிடும், சாயமும் வெளிறும். பை, பர்ஸ், பெல்ட், செருப்பு, வீட்டுக்குள் இருக்கும் சோபா இவற்றுக்கு நைலான் 6.6 தாராளமாகப் போதும். உராய்வைத் தாங்குவதில் அதற்கு ஒரு படி மேலான இடம் உண்டு.

நைலான் அதிகம் இழுபடும். திடீர் இழுப்பு வரும் இடத்தில் அது நன்மை. மெல்லிய ஆடைத் தோலில் அதுவே தொல்லை: மெஷின் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனில் நீண்டுபோன நூல், மெஷினை விட்டு வந்ததும் சுருங்கித் தையலோரம் சுருக்கம் விழவைக்கும். அங்கே பாலியஸ்டர் வையுங்கள்.

பருத்தி நூலை மெஷினில் தோலுக்குப் போடாமல் இருப்பது நல்லது. தோலில் இருக்கும் பதனிடு பொருளும் ஈரமும் சேர்ந்து சில வருஷத்தில் அதை இற்றுப்போக வைக்கும். தோல் நன்றாக இருக்கும், தையல் மட்டும் விட்டுப்போகும்.

4. பாண்டட் நூல்தான் வேணுமா? சாதா பாலியஸ்டர் நூல் போட்டா என்ன ஆகும்?

பாண்டட் என்றால் முறுக்கிய இழைகளின்மேல் மெல்லிய பிசின் பூச்சு ஏற்றி, பிரியாதபடி ஒட்டவைத்தது. ஒரு தையல் முடிவதற்குள் நூலின் ஒவ்வொரு பகுதியும் ஊசிக் கண்ணுக்குள் பல தடவை முன்னும் பின்னும் போய்வருகிறது. தோலின் துளை விளிம்பும் சேர்ந்து அதைத் தேய்க்கிறது. பூச்சில்லாத நூல் இதில் பஞ்சு பஞ்சாகப் பிரியும்.

0.6 முதல் 0.9 மில்லி ஆடைத் தோலில், மெல்லிய ஊசியோடு, உள்ளிழை வைத்த பாலியஸ்டர் நூல் நன்றாகவே ஓடும். அதைத் தாண்டினால் பாண்டட்.

முறுக்கின் திசையையும் பாருங்கள். மேல் நூலும் அடி நூலும் கோத்துக்கொள்ளும் பூட்டுத் தையல் மெஷினுக்கு இசட் முறுக்கு நூல் வேண்டும், சந்தையில் இடது முறுக்கு என்பார்கள். நூலைச் செங்குத்தாகப் பிடித்தால் வரிகள் கீழே இடமிருந்து மேலே வலம்நோக்கி ஏற வேண்டும். எதிர்த்திசை நூலை மாட்டினால், மேல் நூலைப் பிடித்து அடி நூலைச் சுற்றவைக்கும் கொக்கி ஒவ்வொரு சுற்றிலும் முறுக்கைக் கழற்றும். எவ்வளவு நல்ல நூலானாலும் பிரிந்துவிடும்.

5. எந்த நூலுக்கு எந்த ஊசி?

ஊசியில் இரண்டு எண் இருக்கும், 110/18 என்பதுபோல. 110 என்பது என்எம் அளவு: தண்டின் விட்டம் 1.10 மில்லி. 18 என்பது சிங்கர் எண். தண்டின் விட்டம் நூலின் விட்டத்தைப்போல மூன்று முதல் நான்கு மடங்கு இருந்தால் சரியாக வரும். அந்தக் கணக்கில் கிடைப்பது இது:

| நூல் (டெக்ஸ்) | வி எண் | ஊசி (என்எம்) | சிங்கர் எண் |
|---|---|---|---|
| 45 | 46 | 90–100 | 14–16 |
| 70 | 69 | 100–110 | 16–18 |
| 90 | 92 | 110–125 | 18–20 |
| 135 | 138 | 125–140 | 20–22 |
| 210 | 207 | 160–180 | 23–24 |
| 270 | 277 | 180–200 | 24–25 |
| 350 | 346 | 200–230 | 25–26 |

மிருதுவான தோலுக்கு வரிசையின் சிறிய எண், இறுகிய தடித்த தோலுக்குப் பெரிய எண். ஆனால் கையில் இருக்கும் நூலின் பூச்சு தடிமன் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால், கடைசித் தீர்ப்பு இந்தச் சோதனையில்தான்: முப்பது சென்டிமீட்டர் நூலை ஊசியில் கோத்து, இரண்டு முனையையும் பிடித்து இழுத்து, ஒரு கையைத் தூக்கிச் சரிவாகப் பிடியுங்கள். ஊசி தன் எடையிலேயே வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். நடுவில் மாட்டிக்கொண்டு நின்றால் ஒரு அளவு பெரிய ஊசி எடுங்கள். தொப்பென்று விழுந்தால் ஒரு அளவு சிறியதே போதும்.

6. என் தோல் இத்தனை மில்லி. எந்த நூல் போடுறது?

தைக்கும் இடத்தில் எல்லா அடுக்கும் சேர்ந்த மொத்தத் தடிமனைப் பாருங்கள், ஒரு தோலின் தடிமனை அல்ல. ஆடை, மெல்லிய பர்ஸ் உள்பாகம்: டெக்ஸ் 45. கைப்பை, செருப்பின் மேல்பாகம், மொத்தம் 2 முதல் 3 மில்லி: டெக்ஸ் 70 அல்லது 90. பெல்ட், பெரிய பை, சோபா: டெக்ஸ் 90 முதல் 135. மொத்தம் 6 மில்லிக்கு மேல் போகும் உறை, சேணம், கடிவாளம்: டெக்ஸ் 210, 270, தேவைப்பட்டால் 350.

பலத்துக்காக மட்டும் தடித்த நூலுக்குப் போகாதீர்கள். பாண்டட் நைலான் டெக்ஸ் 70 சுமார் 5 கிலோ இழுப்பைத் தாங்கும், டெக்ஸ் 135 சுமார் 10 கிலோ, டெக்ஸ் 270 சுமார் 20 கிலோ. ஒரு சாதாரணக் கைப்பையில் நூல் அறுவதற்கு முன்னால் தோல் கிழியும். தடித்த நூல் கேட்பவர்களில் பெரும்பாலோர் தேடுவது பார்வைக்கு எடுப்பான தையலைத்தான். அதில் தப்பில்லை, ஆனால் முடிச்சை மறைக்கத் தோலில் இடம் வேண்டும். மொத்தத் தடிமன் நூலின் விட்டத்தைப்போல நான்கு மடங்காவது இல்லையென்றால் முடிச்சு எட்டிப்பார்க்கும். டெக்ஸ் 135-இன் விட்டம் சுமார் 0.42 மில்லி. 1.2 மில்லித் தோலில் அதைப் போட்டுவிட்டு டென்ஷனைக் குறை சொல்லிப் பயனில்லை.

7. பாக்கெட்ல 135×16, 135×17, 794னு இருக்கு. என் மெஷினுக்கு எது?

அது ஊசியின் சிஸ்டம். பிடியின் (மெஷினில் மாட்டும் மேல்பகுதியின்) தடிமன், ஊசியின் நீளம், கண் இருக்கும் உயரம் எல்லாம் அதில் அடங்கும். மெஷினின் கையேட்டில் அல்லது அதன்மேல் உள்ள தகட்டில் எழுதியிருப்பதே வேதவாக்கு. ஜூக்கி டிஎன்யு-1541, கான்சூ 206ஆர்பி போன்ற வாக்கிங் ஃபுட் மெஷின்களுக்கு 135×16 அல்லது 135×17. இரண்டும் ஒரே நீளம், ஒரே பிடி. 16 என்றால் தோலை வெட்டும் முனை, 17 என்றால் உருண்டை முனை. ஜூக்கி டிஎஸ்சி-441 வகைக் கனரக மெஷின்களுக்கு 794, இன்னொரு பெயர் 7×3.

துணி தைக்கும் சாதாரண ஒற்றை ஊசி மெஷினில் வருவது 16×231. அதன் பிடி 1.6 மில்லிதான், மேலே சொன்ன 135 வகைகளுக்கு 2 மில்லி. மாற்றிப் போட முடியாது. பிடி பொருந்திவிட்டால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். 135×17-உம் 134-35-உம் கையில் பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும். நீள வித்தியாசத்தால் கண் வேறு உயரத்தில் நிற்கும், கொக்கி வளையத்தைத் தவறவிடும்.

8. தோல்னாலே லெதர் ஊசிதானா? ரவுண்ட் ஊசி போட்டா தைக்காதா?

தைக்கும், ஆனால் இழுத்து இழுத்துத் தைக்கும். உருண்டை முனை நாரை விலக்கிக்கொண்டு போகிறது. இறுகிய தோலில் விலக இடமில்லாமல் ஊசி சூடேறும், வளையும், துளையைச் சுற்றித் தோல் உப்பிக்கொள்ளும். வெட்டும் முனை சிறு கீறல் போட்டு நுழைவதால் சுலபமாகப் போகிறது, தையல் கோடும் ஒழுங்காக விழுகிறது.

உருண்டை முனைக்கும் தோலில் இடம் உண்டு. மிக மெல்லிய, மிருதுவான தோலில் வெட்டு விழாமல் இருப்பதே நல்லது. தண்ணீர் இறங்கக்கூடாத தையலிலும் அப்படியே: விலகிய நார் நூலை இறுக்கிப் பிடிக்கும், வெட்டுப்பட்ட துளை அப்படிப் பிடிக்காது.

9. லெதர் ஊசியிலேயே எல்ஆர், எல்எல், எஸ், பி, டி எல்லாம் என்ன?

முனை போடும் வெட்டு எந்தத் திசையில் விழும் என்பதைச் சொல்கிறது. எல்ஆர்: தையல் கோட்டுக்குச் சாய்வாக வெட்டும். தையல் ஒவ்வொன்றும் சற்றுச் சாய்ந்து அழகாகப் படியும். பை, செருப்பு, சீட்டில் அதிகம் பார்ப்பது இதுதான். ஒரே ஒரு வகைதான் வாங்கிவைக்க முடியும் என்றால் இதை வாங்குங்கள். எல்எல்: வெட்டு எதிர்ப்பக்கம் சாயும், தையல் பெரும்பாலும் நேராகப் படியும்.

எஸ் முனை தையல் ஓடும் திசையிலேயே வெட்டும். நேரான, நீளமான தையலுக்கு ஏற்றது. ஆனால் நெருக்கமாகத் தைத்தால் ஒரு வெட்டு அடுத்த வெட்டைத் தொட்டு, தபால்தலை விளிம்புபோலத் தோல் கிழிய வழிசெய்யும். பி முனை குறுக்காக வெட்டும். வெட்டுகளுக்கு நடுவே தோல் மிச்சம் நிற்பதால் நெருக்கமான தையலுக்குப் பொருந்தும். டி முனை மூன்று விளிம்பு கொண்டது. காய்ந்த, கெட்டியான, தடித்த தோலுக்கு.

எழுத்துகள் எல்லாக் கம்பெனியிலும் ஒன்றுபோல இருக்காது. சந்தேகம் வந்தால் ஒரு துண்டுத் தோலில் நூலில்லாமல் பத்துத் துளை போட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெட்டின் சாய்வு பளிச்சென்று தெரியும்.

10. ரெக்சின் தைக்கவும், தோலோட நாடா சேர்த்துத் தைக்கவும் அதே லெதர் ஊசி போடலாமா?

ரெக்சினுக்கு வேண்டாம். அதன் பலம் அடியில் இருக்கும் துணியில்தான் இருக்கிறது. வெட்டும் முனை அந்த இழைகளை அறுத்துவிடும், இழுக்கும்போது கோட்டோடு கிழியும். உருண்டை முனை, 135×17, போடுங்கள். நாடாவும் அப்படியே.

தோலும் நாடாவும் சேரும் இடம்தான் இக்கட்டு. நாடாவின் பலம் முக்கியம் என்றால் உருண்டை முனை, ஒரு அளவு பெரிதாக. நுனியில் மட்டும் சின்ன முக்கோணம் வைத்து, மேலே உருண்டையாக இருக்கும் ஊசிகளும் கிடைக்கின்றன. கலப்பு வேலை அதிகம் செய்பவர்களுக்கு அது நல்ல நடுவழி.

11. அடி நூலும் மேல் நூலும் ஒரே அளவா இருக்கணுமா?

டெக்ஸ் 135 வரை ஒரே அளவு வையுங்கள், வம்பில்லை. அதற்கு மேல் அடியில் ஒரு அளவு குறைத்துப் போடுவது நடைமுறையில் நல்லது: மேலே 270, அடியில் 210. முடிச்சு சிறிதாகும், எளிதில் உள்ளே இழுபடும், பாபினிலும் கூடுதல் நூல் பிடிக்கும். அடிப்பக்கம் கண்ணில் படும் பொருளாக இருந்தால், பெல்ட் மாதிரி, இந்த வித்தியாசம் தெரியும். அப்போது இரண்டும் ஒன்றாகவே இருக்கட்டும்.

12. ஊசியை எந்தப் பக்கம் பார்த்து மாட்டணும்?

நீளப் பள்ளம் நூல் நுழையும் பக்கம். கண்ணுக்கு மேலே இருக்கும் குழிவு கொக்கி இருக்கும் பக்கம். தட்டையில்லாத உருண்டைப் பிடி என்பதால் மெஷின் உங்களைத் தடுக்காது, கொஞ்சம் திருகி மாட்டினாலும் ஏற்றுக்கொள்ளும். மேலே முட்டும்வரை தள்ளி, திருகை இறுக்கிய பிறகு, கண் வழியாக ஒரு தடவை நேராகப் பாருங்கள்.

13. ஒரு தையல் எவ்வளவு நீளம் இருக்கணும்?

மெல்லிய பர்ஸ் வேலைக்கு 2.5 முதல் 3 மில்லி, பைக்கு 3 முதல் 4, பெல்ட், சோபா, சேணத்துக்கு 4 முதல் 5. நூல் தடிக்கத் தடிக்க நீளமும் கூட வேண்டும். டெக்ஸ் 270-ஐ 3 மில்லியில் தைத்தால் ஒவ்வொரு தையலும் மணிமணியாகக் குந்திக்கொள்ளும். ஊசி 2 மில்லித் தடிமன், தையல் 3 மில்லி என்றால் துளைக்கும் துளைக்கும் நடுவே ஒரு மில்லித் தோல்தான் மிச்சம்.

துணியில் நெருக்கமாகத் தைத்தால் பலம் கூடும். தோலில் ஓரளவுக்கு மேல் போனால் பலம் குறையும்.

14. முடிச்சு அடியில தெரியுது. டென்ஷன் எவ்வளவு திருகியும் போகல.

முடிச்சு அடியில் தெரிந்தால் மேல் நூல் தளர்வு அல்லது அடி நூல் இறுக்கம். மேலே தெரிந்தால் அதன் எதிர்மறை. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். திருகியும் போகாதபோது பார்க்க வேண்டிய வரிசை வேறு.

முதலில் மேல் நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் நிஜமாகவே உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தடித்த பாண்டட் நூல் விறைப்பாக இருப்பதால் தட்டுக்கு வெளியே நழுவி நிற்கும். பாதத்தை இறக்கிவைத்துக் கையால் இழுத்தால் தெரிந்துவிடும். பிறகு பாபின் நூலை இழுத்துப் பாருங்கள். லேசான, சீரான தடையோடு வர வேண்டும். விட்டு விட்டு இழுபட்டால் பாபின் கேஸின் தகட்டு ஸ்பிரிங்குக்கு அடியில் பூச்சுத் துகளோ நூல் துணுக்கோ அடைந்திருக்கும்.

இவை சரியென்றால் மிச்சம் துளைதான். ஊசியை ஒரு அளவு ஏற்றிப் பாருங்கள், டென்ஷனைத் தொடாமலே. பல தடவை முடிச்சு தானாக உள்ளே போய்விடும். அப்படியும் போகாவிட்டால் 6-ஆவது பதிலின் தடிமன் கணக்குக்குத் திரும்புங்கள். டென்ஷனை மேலும் மேலும் இறுக்குவது மட்டும் வேண்டாம். நூல் நீண்டு மெலியும், தோல் சுருங்கும், கடைசியில் ஊசி வளையும்.

15. நூல் பஞ்சு மாதிரி பிரிஞ்சு அறுபடுது. கோன் மோசமா?

இருக்கலாம், ஆனால் கோனைக் கடைசியில் சந்தேகப்படுங்கள். ஊசிக்கு நூல் பெரிதா என்று 5-ஆவது பதிலின் சோதனை செய்யுங்கள். முறுக்கின் திசையை 4-இல் சொன்னபடி பாருங்கள். ஊசி திரும்பி மாட்டியிருக்கிறதா என்று 12-ஐப் பாருங்கள்.

மூன்றும் சரியென்றால் எங்கோ ஒரு பிசிர் இருக்கிறது. பழைய நைலான் துணித் துண்டை, அல்லது பஞ்சை, நூல் போகும் பாதை முழுக்கத் தடவுங்கள்: ஊசித் தட்டின் துளை விளிம்பு, கொக்கியின் நுனி, பாபின் கேஸ் விரல், நூல் வழிகாட்டிகள். பிசிர் உள்ள இடத்தில் இழை மாட்டும். மிக மெல்லிய எண்ணெய்க்கல்லோ 1000-ஆம் நம்பர் உப்புத்தாளோ போதும். முன்பு எப்போதாவது ஊசி உடைந்து கொக்கியில் பட்டிருந்தால் அங்கேதான் முதலில் தேடுங்கள்.

கோன் ஸ்டாண்டையும் மறக்க வேண்டாம். மேலே இருக்கும் வளையம் கோனின் நடுவுக்கு நேராக, கோனின் உயரத்தைப்போல இரண்டு மடங்காவது மேலே இருக்க வேண்டும். பக்கத்தில் இருந்து இழுத்தால் நூல் சுருண்டுகொண்டு வரும்.

16. தையல் விட்டு விட்டு விழுது. புது ஊசிதான் போட்டிருக்கேன்.

ஊசி கீழே போய்ச் சற்று மேலேறும்போதுதான் நூல் பின்பக்கம் ஒரு வளையமாகப் பிதுங்கும். கொக்கி அந்த வளையத்தைப் பிடித்தால் தையல், தவறவிட்டால் தாண்டல். தோலில் இது தவறுவதற்கு முக்கியக் காரணம், ஊசி மேலேறும்போது தோலும் ஒட்டிக்கொண்டு கூடவே எழுவது. வளையம் உருவாகவே இடமில்லை. ஊசிக்குப் பக்கத்தில் தோலை அழுத்திப் பிடிக்கும் உள்பாதத்தின் அழுத்தத்தைக் கூட்டுங்கள். ஊசித் தட்டின் துளை ஊசிக்கு மிகப் பெரிதாக இருந்தால் சிறிய துளைத் தட்டு மாற்றுங்கள்.

இரண்டாவது காரணம் ஊசி வளைந்துகொடுப்பது. இரண்டு அடுக்கு நான்காகும் மேட்டில் ஏறும்போது மெல்லிய ஊசி பக்கவாட்டில் சாய்ந்து கொக்கியை விட்டு விலகும். மேட்டில் மட்டும் தையல் தாண்டினால் இதுதான். அங்கே கையால் சக்கரம் சுற்றுங்கள், அல்லது அந்த இடத்தில் தோலைச் சீவி மெலிய வையுங்கள். வேலை செய்பவர் கையால் தோலை இழுத்துக்கொடுப்பதும் இதே கோளாறைத் தரும்.

17. ஒரே மெஷின்ல காலையில டெக்ஸ் 70, மத்தியானம் டெக்ஸ் 210 போட்டுத் தைக்கலாமா?

மெஷின் தாங்கும் வரம்புக்குள் என்றால் நூல், ஊசி, டென்ஷன் மூன்றையும் மாற்றித் தைக்கலாம். வரம்பு எங்கே என்பதுதான் சிக்கல். 135×17 வகை மெஷின்கள் டெக்ஸ் 135 வரை சுகமாகத் தைக்கும். 210-ஐ மேலே போட்டால் சிலவற்றில் ஓடும், சிலவற்றில் கொக்கிக்கும் பாபின் கேஸுக்கும் நடுவே நூல் நசுங்கும்.

கொக்கியின் நுனி ஊசியின் குழிவை 0.05 முதல் 0.1 மில்லி இடைவெளியில் கடக்க வேண்டும். என்எம் 100-க்கு இப்படிச் சரிசெய்த மெஷினில் என்எம் 160-ஐ மாட்டினால், தண்டின் ஆரம் 0.3 மில்லி கூடுகிறது. கொக்கி ஊசியை உரசும், அல்லது இடிக்கும். எதிர்த்திசையில் போனால் இடைவெளி பெரிதாகித் தையல் தாண்டும். அளவு மாற்றியதும் மோட்டாரை மிதிக்காமல், கையால் சக்கரத்தை இரண்டு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். “டிக்” என்று ஒரு சத்தம் கேட்டாலும் நிறுத்துங்கள். இரண்டு அளவு வரை ஏற்றி இறக்கலாம். அதற்கு மேல் என்றால் கொக்கியைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். தினமும் இரண்டு வேலையும் இருப்பவருக்கு இரண்டு மெஷின்தான் சிக்கனம்.

18. வேகமா ஓட்டினா நூல் உருகி ஊசிக் கண்ணுல அடைச்சுக்குது.

நைலான் 6.6, பாலியஸ்டர் இரண்டும் 250 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகுபவை. கெட்டித் தோலில் வேகமாக ஓடும் ஊசி அந்த வெப்பத்தைத் தொடும். ஓடும்போது நூல் ஊசியைக் குளிர்வித்துக்கொண்டே போகிறது. நிறுத்திய நொடியில் சூடான கண்ணுக்குள் அசையாமல் நிற்கும் நூல் உருகுகிறது. நிறுத்தி மறுபடி ஆரம்பிக்கும்போதெல்லாம் அறுபட்டால் காரணம் இதுதான்.

வேகத்தைக் குறையுங்கள். கிளட்ச் மோட்டாரில் அது கஷ்டம், சர்வோ மோட்டார் மாற்றினால் அந்தத் தலைவலி ஓயும். சிலிகான் எண்ணெயில் நனைத்த பஞ்சு வழியாக நூலை ஓடவிடலாம். பசை தடவி ஒட்டிய தோல் என்றால் பசை முழுக்கக் காய்ந்த பிறகு தையுங்கள். ஈரப்பசை ஊசியில் அப்பிக்கொண்டால் வேகம் குறைத்தும் பயனில்லை.

19. ஊசியை எத்தனை நாளைக்கு ஒருதடவை மாத்தணும்?

முழுநேரம் ஓடும் மெஷினில் ஒரு ஷிப்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வது வழக்கம். வெட்டும் முனை மழுங்கியதும் “டப் டப்” என்று குத்தும் சத்தம் வரும், துளையின் அடிப்பக்கம் தோல் பிதுங்கும். நுனியை நகத்தின்மேல் இழுத்தால் கீறல் விழுகிறதா என்று பாருங்கள், விழுந்தால் நுனி மடங்கியிருக்கிறது. கண்ணாடிமேல் உருட்டினால் வளைவு தெரியும். கொக்கியில் ஒரு தடவை இடித்த ஊசியை யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். கெட்டுப்போன கொக்கியோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை.

20. ஒரு கோன்ல எவ்வளவு தைக்க முடியும்?

கோனில் உள்ள நூலின் எடையை டெக்ஸால் வகுத்து 1000-ஆல் பெருக்கினால் மீட்டர் வரும். பூச்சும் முறுக்கும் எடையைத் தின்பதால் 15 முதல் 20 சதவீதம் கழித்துக்கொள்ளுங்கள். டெக்ஸ் 135, 250 கிராம் என்றால் கணக்குப்படி 1850 மீட்டர், கையில் 1500 மீட்டரை ஒட்டிக் கிடைக்கும்.

செலவுக் கணக்கு: ஒரு தையலுக்கு மேல் நூல் செலவு தையல் நீளமும் தோலின் மொத்தத் தடிமனும் சேர்ந்தது. அடி நூலுக்கும் அதே. 4 மில்லித் தையல், 3 மில்லித் தோல் என்றால் ஒரு தையலுக்கு மேலே 7, அடியில் 7, ஆக 14 மில்லி. ஒரு மீட்டர் கோட்டில் 250 தையல், அதற்கு மூன்றரை மீட்டர் நூல். ஆரம்பம், முடிவு, பாபின் மிச்சத்துக்கு 10 முதல் 15 சதவீதம் சேருங்கள். 6 மில்லி பெல்ட்டில் அதே தையலுக்கு ஐந்து மீட்டர் ஆகும். துணியின் கணக்கை வைத்துத் தோலுக்கு நூல் வாங்கியவர்கள் பாதி வேலையில் நிற்பது இதனால்தான்.

21. மேல்பக்கம் அழகா சாய்ஞ்சு வருது, கீழ்ப்பக்கம் அப்படி வரல. ஏன்?

வராது. வெட்டும் முனை மேலிருந்து நுழைகிறது, அதன் வடிவம் மேல்பக்கத்துக்காகவே. அடிப்பக்கம் நூல் வேறு விதமாகத்தான் படியும், கூடவே துளையின் உதடும் பிதுங்கியிருக்கும். அதனால் பார்க்கப்படும் முகம் எப்போதும் மேலே இருக்கும்படி தைக்கும் வரிசையை முதலிலேயே யோசியுங்கள். அடிப்பக்கத்தைக் கொஞ்சமாவது தேற்ற, புது ஊசி, 11-இல் சொன்ன சம அளவு நூல், தைத்த பிறகு வழுவழுப்பான சுத்தியால் கோட்டின்மேல் லேசாகத் தட்டுவது. இவ்வளவுதான் செய்ய முடியும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல வேண்டும் என்றால் அது இரண்டு ஊசியால் செய்யும் கைத்தையல் வேலை.

22. தையல் தப்பாயிடுச்சு. பிரிச்சுட்டு அதே துளையில மறுபடி தைக்கலாமா?

தைக்கலாம், வெட்டும் முனையைக் கழற்றிவிட்டு. லெதர் ஊசி பழைய துளைக்குச் சரியாக இறங்காமல் அரை மில்லி தள்ளிப் போனாலே, புது வெட்டு பழைய வெட்டோடு சேர்ந்து ஒரு பிளவாகிவிடும். அதே அளவு உருண்டை முனை ஊசி பழைய துளையைத் தேடி வழுக்கி இறங்கும். அளவு ஏற்ற வேண்டாம்.

தையல் நீளத்தைத் துளிகூட மாற்றாமல், பிரித்த இடத்துக்கு மூன்று தையல் முன்னாலிருந்து, நல்ல தையலின்மேலேயே ஆரம்பியுங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றி, ஊசி நுனி தோலைத் தொடும்போது ஒவ்வொரு துளையாக நிறுத்திப் பாருங்கள். சற்றுத் தள்ளி நின்றால் பாதத்தைத் தூக்கித் தோலை நகர்த்துங்கள், ஊசியை நெம்பாதீர்கள். ஒரு சாணுக்கு மேல் பிரிக்க வேண்டியிருந்தால் ஒவ்வொரு துளையிலும் நேரும் நூலிழை வித்தியாசம் சேர்ந்து கடைசியில் பாதித் தையல் தள்ளிவிடும். அந்த நீளத்துக்குப் பழைய துளைகளிலேயே கையால் தைத்து முடிப்பது மேல்.